தும்பிக் கையேடு சுவரேறிய கதை

உப்புவாசலில் ஐஸ் கம்பெனிக்கு மேல்மாடியில் ஸ்கேனிங் கடை வைத்திருந்த ரெஜினாள், தும்பி என்கிற பழைய வீட்டுக் கணிப்பொறியின் கையேட்டிலிருந்து முதல் தாளைக் கழற்றிக் கண்ணாடிமேல் கவிழ்த்து வெளிச்சம் ஓட்டிய நண்பகலில்தான், அந்தப் புத்தகத்தில் இருந்த எழுத்தெல்லாம் தாளை விட்டு எழுந்துபோய் ஊர்ச் சுவர்களில் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு அடித்தது கச்சான் காற்றா வாடைக்காற்றா என்று ஊருக்குள் இரண்டு கட்சி உண்டே தவிர, நடந்ததைப் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகமும் கிடையாது.

ரெஜினாளின் கடையை ஊரார் ஜெராக்ஸ் கடை என்றுதான் சொன்னார்கள். அவள் செய்தது அது இல்லை. கோயம்புத்தூரில் ஒரு சங்கம் இருந்தது. வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்த்து ஓட்டிய அந்தக் காலத்துச் சின்னக் கணிப்பொறிகளைத் தேடிப்பிடித்து, தூசு தட்டி, பழுது பார்த்து, மறுபடி ஓடவைக்கிறவர்களின் சங்கம். பழுது பார்க்கக் கையேடு வேண்டும், கையேடோ செல்லரித்தும் ஈரம் பாய்ந்தும் போயிருக்கும், ஆகவே அவர்கள் மரப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்புவார்கள், ரெஜினாளும் அவளோடு வேலை செய்யும் சண்முகக்கனியும் ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து, எழுத்துகளைக் கணினி படித்துக்கொடுத்த பிறகு, அது பூஜ்யத்தை ‘ஓ’ என்று படித்ததையும் ‘ர’வைத் துணைக்கால் என்று படித்ததையும் கண்ணில் நீர் வர உட்கார்ந்து திருத்துவார்கள். ரெஜினாளுக்கு ஒரே ஒரு விதி. தாளில் இருப்பது எதுவோ அதுதான். ஒன்றும் கூடக் கூடாது, ஒன்றும் குறையக் கூடாது. தாளிலேயே தப்பு இருந்தாலும் அந்தத் தப்பு அப்படியே போக வேண்டும். இதுவரை அவள் அனுப்பிய ஒரு பக்கமும் திரும்பி வந்ததில்லை, அதில் அவளுக்கு இருந்த பெருமையை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஜெராக்ஸில் என்ன பெருமை என்று கேட்பார்கள்.

தும்பி மற்றக் கணிப்பொறிகளைப் போல வெளிநாட்டில் பிறந்தது இல்லை. கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு செய்துகொண்டிருந்த ஒரு பட்டறை, என்ன ஆசையோ, கொஞ்ச காலம் கணிப்பொறி செய்து பார்த்து, விற்காமல் மறுபடி பம்புக்கே திரும்பிவிட்டது. ஆனால் அந்தக் கொஞ்ச காலத்துக்குள் அதற்குத் தமிழிலேயே ஒரு கையேடு அச்சடித்திருந்தார்கள். ஆணைகளும் தமிழ், பிழைச் செய்திகளும் தமிழ். அந்தக் கையேட்டில் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சியது என்று சங்கத்திலிருந்து அமிர்தவேணி என்கிற அம்மாள் போனில் சொல்லியிருந்தார். “பிள்ளையக் குளிப்பாட்டுற மாதிரி பார்த்துக்கங்க” என்றும் சொல்லியிருந்தார்.

வெளிச்சம் ஓடி முடிந்தபோது திரையில் வெள்ளையாக ஒரு செவ்வகம் தெரிந்தது. ரெஜினாள் வயரைப் பிடுங்கிச் செருகினாள், பிறகு மூடியைத் தூக்கித் தாளைப் பார்த்தாள், தாளும் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் துணிமேல் வைத்திருந்த மீதிப் புத்தகத்தை விரித்தாள். ஒரு புறா எழுந்தால் கூட்டமே எழுவதுபோல, முதல் பக்கத்தோடு எல்லாப் பக்கமும் கிளம்பிப் போயிருந்தன. ஓட்டையும் மடிப்பும் காப்பிக் கறையும் இருந்த இடத்தில் இருந்தன. மையை மட்டும் காணோம். அவள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

சண்முகக்கனி மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்தாள்.

“யக்கா, கீழ ஐஸ் கம்பெனி செவுத்துல யாரோ பெருசா எழுதிப் போட்டிருக்காங்க. ‘தும்பி வீட்டுக் கணிப்பொறி, பயன்படுத்துவோர் கையேடு’ன்னு. பெயின்ட் வாசமே இல்லக்கா.”

இருவரும் இறங்கிப் போனார்கள். தலைப்புப் பக்கம் ஐஸ் கம்பெனிச் சுவரில் ஆளுயரத்துக்கு நின்றது. எதிரே டீக்கடைச் சுவரில் பொருளடக்கம். அதற்கடுத்து முடிதிருத்தும் கடையில் ‘தும்பியின் வெளித்தோற்றம்’, அம்புக்குறிகளோடு. இப்படித் தெருத் தெருவாக, கோயில் வளைவு தாண்டி, மீன் ஏலக்கூடம் தாண்டி, உப்பளத்து ஆள்களின் ஓட்டு வீடுகள்வரை, ஒவ்வொரு சுவரிலும் ஒவ்வொரு பக்கம், படங்களும் கட்டங்களும் அடியில் பக்க எண்ணும் பிசகாமல் வந்து உட்கார்ந்திருந்தன.

ரெஜினாள் அமிர்தவேணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“எழுத்து ஊரை விட்டு எங்கியும் போகலைதானுங்களே?”

“போகலம்மா. எல்லாம் செவுத்துலதான் இருக்கு.”

“அப்பச் செவுத்தைப் பார்த்து டைப் அடிங்க. அடிச்சு முடிங்க, நான் வர்றேன்” என்று போனை வைத்துவிட்டார்.

முதல் சில நாள் ஊரில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. தேர்தல் வரப்போகிறது, எந்தக் கட்சியோ சுவர் பிடித்துவிட்டது என்றார்கள். பஞ்சாயத்தில் ஓர் ஆளை விட்டுத் தூரிகையால் வெள்ளையடித்துப் பார்த்தார்கள். சுண்ணாம்பு காய்ந்ததும் எழுத்து அதன்மேல் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. வீட்டில் புது மருமகள் வந்தால் எப்படி இடம் ஒதுக்குவார்களோ அப்படி ஒதுக்கினார்கள்: சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள், சைக்கிளைச் சாத்துகிறவர்கள் வேறு பக்கம் சாத்தினார்கள், வெற்றிலை போட்டவர்கள் தெருவுக்கு வந்து துப்பினார்கள்.

பிறகு படிக்க ஆரம்பித்தார்கள். வாசல் தெளிக்கும்போது ஒரு வரி, வெயிலுக்கு ஒதுங்கும்போது ஒரு வரி, பேருந்துக்குக் காத்திருக்கும்போது ஒரு வரி. கையேட்டை எழுதியவர் யாரோ, அவர் இயந்திரத்தைப் பற்றி எழுதும்போதே எதிரே உட்கார்ந்திருக்கிற மனுஷருக்கும் சேர்த்து எழுதியிருந்தார். ‘பொறி பதில் சொல்லாவிட்டால் பதற வேண்டாம். அணைத்துவிட்டு, பத்து எண்ணி, மறுபடி போடவும்’ என்று அந்திரேயா வீட்டுச் சுவரில் இருந்தது. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் சண்டை பிடிக்க ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டி “அணைச்சுட்டு எண்ணுங்க” என்பாள், இருவரும் எண்ணுவார்கள், சிலநாள் எட்டிலேயே சிரித்துவிடுவார்கள். ‘நினைவகம் நிறைந்துவிட்டது, தேவையற்றதை அழிக்கவும்’ என்பது வட்டிக்கடைக்காரர் வீட்டில் வந்து உட்கார்ந்தது, அவர் ஒரு வாரம் வெளியிலேயே வரவில்லை. போலீஸ் அவுட்போஸ்ட்டில் ‘அனுபவம் இல்லாதவர்கள் மூடியைத் திறக்க வேண்டாம்’. பிழைச் செய்திகள் பக்கம் வந்த வீட்டில் கல்யாண வயசுப் பெண் இருந்தாள், அவளைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று துணி கட்டி மறைத்தார்கள். வந்த மாப்பிள்ளை துணியை விலக்கிப் படித்துவிட்டு, “எல்லாத் தப்பையும் வாசல்லயே எழுதி வச்சிருக்கிற வீடு நல்ல வீடுதான்” என்று சொல்லிச் சம்பந்தம் பேசி முடித்தான்.

நாளாக ஆக அந்த வார்த்தைகள் சுவரை விட்டு வாய்க்கு ஏறின. ஏலக்கூடத்தில் விலை ஏறாமல் ஒரே இடத்தில் சுற்றினால் “சுழல்ல மாட்டிக்கிட்டான்” என்றார்கள். சொன்னது புரியாதபோது “ஆணை ஏற்கவில்லை” என்றார்கள். பங்குச் சாமியார் ஒரு பிரசங்கத்தில், கோயிலின் பக்கச் சுவரில் வந்து நின்ற நினைவகக் கட்டத்தைக் காட்டி, எந்த அறையில் எதை வைத்தோம் என்று தெரிந்த மனசுக்குத்தான் சமாதானம் என்றார். கடலுக்குப் போகிறவர்கள், உப்பு வாருகிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், எல்லோரும் தங்கள் தங்கள் பக்க எண்ணைச் சொல்லி, எங்கள் வீட்டுப் பக்கத்தில் படம் இருக்கிறது, எங்கள் பக்கத்தில் அடிக்குறிப்பே இருக்கிறது என்று ஒருவரோடொருவர் பெருமை பேசினார்கள்.

ரெஜினாளும் சண்முகக்கனியும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார்கள். கேமராவில் படம் எடுக்கும்போது வெயில் கூசாமல் இருக்க ஊர்ப் பெண்கள் போர்வையை இரண்டு முனையில் பிடித்து நின்றார்கள். ஏணி கொண்டுவந்தார்கள். அடித்து முடித்ததை ரெஜினாள் வாய்விட்டுப் படிக்க, வீட்டுக்காரர்கள் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு முற்றுப்புள்ளி விடுபட்டாலும் சண்டைக்கு வந்தார்கள். இத்தனை வருஷமாக அவள் தனியாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு செய்த வேலையை இப்போது ஒரு ஊரே அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் செய்தது. அவளை இப்போது யாரும் ஜெராக்ஸ் என்று சொல்லவில்லை. “ரெஜினா வருதா, செவுத்துப் பக்கத்துல கிடக்கிற விறக எடு” என்றார்கள்.

ஆனால் எழுத்து வெளுத்துக்கொண்டு வந்தது. சுண்ணாம்புக்கு மசியாத எழுத்து உப்புக் காற்றுக்கு மசிந்தது. ஐப்பசி மழை வந்தால் மீதியும் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வானம் கிழக்கே கறுக்கத் தொடங்கியதும் கிழிந்த பாயும் தார்ப்பாயும் பழைய வலையும் போட்டுச் சுவர்களை மூடினார்கள். ரெஜினாள் சாப்பிடும் நேரம் தவிர அடித்துக்கொண்டே இருந்தாள். மழைக்கு முன்னால் எல்லாப் பக்கமும் கணினிக்குள் வந்து சேர்ந்தன, ஒரே ஒரு பக்கம் தவிர.

பொருளடக்கத்தில் அது ‘பாட்டு நிரல்’ என்று இருந்தது. தும்பியைப் பாடவைக்கிற நிரல். அது இல்லாமல் கையேடு ஊமை. குப்பைமேடு, கிணற்று உள்சுவர், கல்லறைத் தோட்டம் என்று தேடாத இடமில்லை. கடைசியில் ஐஸ் கம்பெனி வாசலில் நின்று சண்முகக்கனிதான் சொன்னாள்.

“யக்கா, அன்னைக்கு மத்தியானம் கரையில ஒரு வள்ளம் நின்னுச்சே.”

ரெஜினாள் கரைப் பக்கம் திரும்பினாள். அது அவளுடைய அண்ணன் பொனிப்பாஸின் வள்ளம். அன்று சாயங்காலமே அவனும் ஆட்களும் வேறு கரையில் தங்கித் தொழில் பார்க்கத் தெற்கே போய்விட்டார்கள். வெயில் பட்டு, அலை அடித்து, உப்புத் தண்ணீரில் ஊறும் பலகையில் எழுத்து எத்தனை நாள் இருக்கும்?

அதைவிடப் பெரிய சங்கடம், அண்ணன் அவளோடு பேசுவதில்லை. பல வருஷத்துக்கு முன்னால், தன் வள்ளத்தில் கூட்டாளியான லடிஸுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க அவன் பேசி முடித்து, பந்தல் கால் நடுகிற சமயத்தில், எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், தூத்துக்குடிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று ரெஜினாள் கூட்டத்தின் நடுவே சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை மாற்றவும் இல்லை. கூடப் பிறந்தவள் செத்துப் போனாள் என்று பொனிப்பாஸ் சொன்னான், அன்றிலிருந்து தெருவில் எதிரே வந்தாலும் கடலைப் பார்ப்பதுபோல் அவளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு போவான். லடிஸ் வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளைகளைப் பெற்று, ரெஜினாளைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்கிற ஆளாகிவிட்டான். அண்ணன்தான் மாறவில்லை.

அமிர்தவேணி வந்து இறங்கிய நாளன்றுதான் வள்ளமும் கரைக்கு வந்தது. வெள்ளைப் பருத்திச் சேலையும் ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரமுமாக அந்த அம்மாள் காரிலிருந்து இறங்கி, பின் இருக்கையில் இருந்த பெட்டியை யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி ஐஸ் கம்பெனிக்குள் வைத்துவிட்டு, “சுவரைக் காட்டுங்க” என்றார். ரெஜினாள் கூட்டிக்கொண்டு நடந்தாள். மக்கள் தங்கள் தங்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்கள். அந்திரேயா வீட்டு வாசலில் அமிர்தவேணி நின்றார். எழுத்து அங்கே பாதி அழிந்திருந்தது.

“‘பொறி பதில் சொல்லாவிட்டால்’...” என்று ரெஜினாள் தொடங்கினாள்.

“‘பதற வேண்டாம்’” என்றார் அமிர்தவேணி, சுவரைப் பார்க்காமல். “‘அணைத்துவிட்டு, பத்து எண்ணி, மறுபடி போடவும்.’ அஞ்சுன்னுதானுங்க முதல்ல எழுதியிருந்தேன். மனுஷனுக்கு அஞ்சு பத்தாதுன்னு மாத்தினேன்.”

ரெஜினாள் திரும்பிப் பார்த்தாள். “இது நீங்க எழுதுனதாம்மா?”

“அப்ப நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பட்டறையில பேரெல்லாம் போடமாட்டாங்க. பம்புக்குக் கையேடு எழுதினவன் பேரை யார் போட்டாங்க?” அவர் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “ஒருத்தராச்சும் முழுசாப் படிச்சிருப்பாங்களான்னு நினைப்பேனுங்க.”

தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்திருந்த அந்திரேயாவின் மனைவி, “நாங்க தெனமும் படிக்குதோம்மா” என்றாள். “எண்ணவும் செய்யுதோம்.”

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது, வள்ளம் வந்துவிட்டது என்று. ஊரே மணலுக்கு ஓடியது. ரெஜினாள் மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தண்ணீர் வரைக்கும் போய் நின்றாள். வள்ளத்தின் விலாப்பலகையில் மேலே ஓரிடத்தில் ‘பாட்டு நிரல்’ என்ற தலைப்பு மங்கலாகத் தெரிந்தது, அதன்கீழே தண்ணீர் தொட்ட இடமெல்லாம் வெறும் பலகை.

பொனிப்பாஸ் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, வழக்கம்போல அவளுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு நடந்தான். பின்னால் இறங்கிய லடிஸ் நின்றான்.

“என்ன ரெஜினா, பலகையப் பாத்துட்டு இப்படி நிக்க?”

“இந்த ஒரு பக்கந்தான் பாக்கி. போயிருச்சே.”

“எங்க போச்சு? எங்க வாயிலல்லா இருக்கு. போன கொஞ்ச நாள்லயே வலை இழுக்கையில அதத்தான் பாடுதோம். உங்க அண்ணந்தான் முதல்ல எடுத்துக் குடுத்தான்.” லடிஸ் குரலைத் தாழ்த்தவில்லை. “எனக்கே கோவம் போயி எவ்வளவோ வருஷமாச்சு, இவனுக்குப் போகமாட்டேங்கு. ஏல பொனிப்பாஸு, பாட்டச் சொல்லு. அவ எழுதட்டும்.”

பொனிப்பாஸ் கயிற்றை வள்ளத்தின் மூக்கில் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே, யாரிடமோ சொல்வதுபோல, “சும்மா நின்னா வராது. இழுத்தாத்தான் வரும்” என்றான்.

அது உண்மை. கை சும்மா இருந்தால் அவர்களில் ஒருவனுக்கும் இரண்டாவது வரி நினைவில் இல்லை. ஆகவே ஆட்கள் கயிற்றைப் பிடித்தார்கள், கரையில் நின்றவர்களும் பிடித்தார்கள், ரெஜினாள் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் கணினியை வைத்து மணலில் மண்டியிட்டாள். பொனிப்பாஸ் எடுத்துக் கொடுத்தான்.

“பத்து! சுரம் ச, நீளம் நாலு!”

“நீளம் நாலு!” என்று கயிறு சொன்னது, வள்ளம் ஒரு முழம் மணலேறியது.

“இருபது! சுரம் ரி, நீளம் ரெண்டு!”

“நீளம் ரெண்டு!”

“முப்பது! பொறு ஒண்ணு!”

எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

“முப்பத்தஞ்சு! மாதாவே இழு!”

“மாதாவே இழு!”

“நாப்பது...”

ரெஜினாளின் விரல் நின்றுவிட்டது. பத்துப் பத்தாக வந்த எண்ணில் அது எங்கிருந்து வந்தது? எழுதிவிட்டுப் போயிருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து அண்ணன் வாயிலிருந்து தன் பக்கமாக வருகிற சொல், அதை நிறுத்தினால் மறுபடி எப்போது வருமோ. அவள் எழுந்து நின்றாள்.

“அண்ணே.”

கயிறு நின்றது. பொனிப்பாஸ் திரும்பவில்லை.

“அண்ணே, முப்பத்தஞ்சு பலகையில இருந்துச்சா?”

அவன் திரும்பி, இந்த முறை அவளுக்கு அப்பால் பார்க்காமல், அவளையே பார்த்துச் சொன்னான்.

“இல்ல. அது நான் சேத்தது. முப்பதுல பொறுன்னு நிக்கு. நாப்பதுல திரும்ப எடுக்கணும். நடுவுல இழுன்னு சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?”

“வேணுந்தான். ஆனா நான் அத எழுத மாட்டேன்.”

“தெக்க நாலு கரையில பாடுதாங்க அந்த வரிய.”

“பாடட்டும். தாள்ல இருந்தது மட்டுந்தான் எழுதுவேன்.”

பந்தலில் நின்று மாட்டேன் என்று சொன்ன அதே பெண், அதே குரலில், அதே ஆளிடம் இன்னொரு முறை மாட்டேன் என்கிறாள். அவன் கயிற்றை வீசிவிட்டுப் போகப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அப்போது அமிர்தவேணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் சிரிப்பும் அழுகையுமாக இருந்தார்.

“ஏனுங்க, உங்க பேரென்ன?”

“பொனிப்பாஸு.”

“பத்து, இருபதுன்னு எதுக்கு இடம் விட்டு எண் போட்டேன்னு நினைக்கறீங்க? நடுவுல இடம் இருக்கணும். வாங்குனவங்க தங்களோட வரியப் போட்டுக்கட்டும்னுதானுங்க விட்டேன். இத்தனை வருஷத்துல யாராச்சும் போட்டாங்களான்னு எனக்குத் தெரியாது. நீங்க போட்டிருக்கீங்க.”

பொனிப்பாஸ் மடிக்கணினியைக் கைகாட்டினான். “அப்ப அவள எழுதச் சொல்லுங்க.”

“அவங்க எழுத மாட்டாங்க” என்றார் அமிர்தவேணி. “அந்த இடம் காலியா இருந்தாத்தானுங்க அடுத்த ஆளு வந்து போடுவான்.”

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் மணல் ஒட்டிய முழங்காலோடு, தாடையை உயர்த்திக்கொண்டு, இம்மியும் அசையாமல் நின்றாள். அவன் கயிற்றைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

“நாப்பது!” என்று கத்தினான். “சுரம் க, நீளம் நாலு! எழுதுட்டீ!”

அவள் உட்கார்ந்து எழுதினாள். ஐம்பது, அறுபது என்று பாட்டு ஏற ஏற வள்ளமும் ஏறியது, ரெஜினாள் கூடையை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே நகர்ந்தாள், முப்பத்தைந்து போல வேறொன்று வந்தால் அண்ணனே “இது நம்மது, விடு” என்று நடுவில் சொல்லிவிட்டு இழுத்தான். கடைசி வரி ‘செல் பத்து’ என்று இருந்தது, அதாவது முதலிலிருந்து மறுபடி தொடங்கு என்று, ஆகவே அவர்கள் மறுபடி தொடங்கினார்கள், மறுபடியும், மறுபடியும், வள்ளம் மணலைத் தாண்டி, தெருவுக்குள் நுழைந்து, கோயில் வளைவுக்குள் வளைந்து, ஐஸ் கம்பெனி வாசலுக்கு வந்த பிறகும் நிற்கவில்லை. அமிர்தவேணி பின்னாலேயே ஓடிவந்து, “நிறுத்துங்க, அது தானா நிக்காதுங்க, அணைச்சாத்தான் நிக்கும்” என்று கத்தினார். அந்திரேயாவின் மனைவி சொல்லிக்கொடுக்க, லடிஸ் கயிற்றை விட்டுவிட்டுப் பத்து எண்ணினான். வள்ளம் நின்றது.

மறுநாள் காலையில் ஐஸ் கம்பெனி முற்றத்தில் அமிர்தவேணி தன் பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது தும்பி. பழுப்பேறிய சின்னப் பெட்டி, தமிழ்ப் பொத்தான்கள். முடிதிருத்தும் கடைத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்து இணைத்தார்கள். ரெஜினாள் தன் கணினியில் இருந்த நிரலை வரி வரியாகப் படிக்க, அமிர்தவேணி பொத்தானை அழுத்தினார். ஓட்டு என்று ஆணை கொடுத்ததும் தும்பி பாடியது. கீச்சென்று மெல்லிசாக, தகரக் குழாயில் காற்று போவதுபோன்ற ஒரு பாட்டு, ஆனால் முற்றம் கொள்ளாமல் நின்ற ஊரில் ஒருவரும் இருமவில்லை. ஒவ்வொரு முகத்திலும், தன் வீட்டுப் பிள்ளை மேடையேறிப் பாடுவதைக் கேட்கிறவர்களின் களை இருந்தது. பிறகு அமிர்தவேணி பொனிப்பாஸைக் கூப்பிட்டு, அவன் தடித்த விரலைப் பிடித்து, முப்பத்தைந்தாம் வரியை அவனையே அழுத்தவைத்தார், இழு என்பதற்கு மேல்சுரத்தில் ஒரு நீளமான சத்தம். இரண்டாம் முறை தும்பி பாடியபோது அந்த இடத்தில் எல்லோருடைய தோளும் தானாக அசைந்தது.

அன்று மத்தியானம் மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது என்று சிலர் சொல்கிறார்கள், ஒரு வாரம் என்று சிலர். ஊரார் தார்ப்பாய்களைத் தாங்களே கழற்றி மடித்து வைத்துவிட்டு, வாசலில் நின்று எழுத்து சுவரைவிட்டு ஒழுகித் தெருவழியாகக் கடலுக்குப் போவதைப் பார்த்தார்கள். யாரும் வருத்தப்படவில்லை. முழுசும் ரெஜினா கையில் பத்திரமாக இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கையேடு சங்கத்து வலைத்தளத்தில் ஏறியது. எங்கெங்கோ இருந்து ஆட்கள் அதை இறக்கிக்கொண்டு, பரணில் கிடந்த தும்பிகளைத் தட்டி எழுப்பினார்கள். அதில் இம்முறை அமிர்தவேணியின் பேர் இருந்தது. அது தாளில் இல்லாதது என்பதால் ரெஜினாள் அதைப் புத்தகத்துக்குள் வைக்காமல், புத்தகத்துக்கு முன்னால் தனிப் பக்கத்தில், தெளிவான எழுத்தில் வைத்தாள்.

மழை விட்டுக் கடல் தெளிந்த ஒரு காலையில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கிய சந்தில் ரெஜினாள் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஏலக்கூடத்தில் வெளியூர் வியாபாரி ஒருவன் சீலா மீனைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே, உங்கள் ஊரில் ஏதோ புத்தகம் செய்தார்களாமே, அது யார் என்று கேட்டான்.

“எந்தங்கச்சி” என்றது ஒரு குரல். அது பொனிப்பாஸின் குரல். “ஒரு எழுத்துக் கூட்ட மாட்டா, ஒரு எழுத்துக் குறைக்க மாட்டா. நானே நேர்ல நின்னு கேட்டேன். முடியாதுன்னுட்டா.”

“அண்ணன் கேட்டுமா முடியாதுன்னா?”

“ஆமால்ல” என்றான் பொனிப்பாஸ், கூடமெல்லாம் கேட்கும்படி. “நான் கேட்டும்!”